முப்பத்தேழாவது மீட்டர்

ஆனிமேரிக்குப் பொறாமை வந்தால் விளாங்குடியில் பால் திரியும். வண்டியூர்த் தெப்பக்குளத்து மீன் துள்ளிக் கரையில் விழும். எட்டு மாதத்துக்கு முன் ரம்யாஸ்ரீ விளாங்குடி சர்வே ஆபீசில் சேர்ந்ததிலிருந்து, பாவம், அந்த மீன்களுக்கு ஓய்வே இல்லை.

இருபத்திரண்டு வருஷமாக அங்கே அளந்து கணக்குப் போடுவது ஆனிமேரிதான். அவள் எழுதிய எண்ணை முதலாளி சௌரிராஜன் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை.

கீழக்குயில்குடிப் பக்கம் ஓர் ஊரணி. அதன் குறுக்குவெட்டுப் பரப்பு வேண்டும். கரைக்குக் கரை எண்பது மீட்டர் கயிறு கட்டி, மிதவையில் போய், ஐந்து மீட்டருக்கு ஒருதரம் குச்சியை விட்டு ஆழம் பார்த்தாள். பதினேழு இடம். அடுத்தடுத்த ஆழங்களை நேர்கோட்டால் இணைத்து, பட்டை பட்டையாகப் பரப்பைக் கூட்டினாள். தொண்ணூற்றாறு சதுர மீட்டர்.

ரம்யாஸ்ரீயும் அதே கயிற்றோரம் போனாள். கல் கட்டிய நூலை விட்டுப் பதினோரு இடத்தில்தான் பார்த்தாள். அதிலும் ஐந்து இடம் நடுவே நெருக்கமாக. நூற்று நான்கு என்றாள்.

"ரெண்டுல எதை எழுத, ஆனிமேரியம்மா?" என்றார் சௌரிராஜன்.

ஆனிமேரியின் வயிற்றெரிச்சலில் அப்போது ஊருக்கே சோறு பொங்கியிருக்கலாம்.

"பதினேழு பெருசா, பதினொண்ணு பெருசா சார்? எண்ணத் தெரியாதவுகல்லாம் சர்வேக்கு வாராக!"

"நடுவுல நூலு சட்டுனு இறங்குச்சுக்கா. அதான் நெருக்கிப் பார்த்தேன்."

"எங்கண்ணு முன்னால காட்டுடி, வா!"

ரம்யாஸ்ரீ மிதவையைத் தள்ளினாள். முப்பத்தைந்தாவது மீட்டரில் ஆழம் ஒன்றே கால். நாற்பதிலும் அதே.

"பார்த்தியா? நடுவுல என்ன, எமலோகமா இருக்கு?" என்று ஆனிமேரி முப்பத்தேழில் குச்சியை இறக்கினாள். மூன்று மீட்டர் குச்சியும் போனது. பின்னாலேயே முழங்கை, தோள், கம்மல். என்றைக்கோ மண் அள்ளிய பொக்லைன் விட்டுப்போன பள்ளம்.

"எம்புட்டுக்கா?" ரம்யாஸ்ரீ மறுபக்கம் பார்த்துக் கயிற்றைப் பிடித்திருந்தாள்.

'ஒன்றரை' என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக நின்றது. ஆனால் குச்சி சொல்லாத ஆழத்தை ஆனிமேரி இதுவரை எழுதியதில்லை.

"குச்சி பத்தலை" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

கரையில் முதலில் குதித்தவளும் அவள்தான். "நூத்தி நாலையே எழுதுங்க சார். முப்பத்தேழுல பள்ளம் கெடக்கு. நான்தான் கண்டுபிடிச்சேன்!"

"ஆமா சார், தோளு மட்டுக்கும் கைய விட்டுப் பார்த்தாக அக்கா" என்றாள் ரம்யாஸ்ரீ. சிரிக்கக்கூட இல்லை.

விளாங்குடி வந்து சேரும்வரை, ரம்யாஸ்ரீ நீட்டிய துண்டை வாங்காமல், ஜீப்பில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தாள் ஆனிமேரி.