இல்லை என்று சொன்ன நர்ஸ்

அரசு மருத்துவமனையின் குடும்பநலப் பிரிவில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர் அந்த நர்ஸ். எல்லோருக்கும் அவர் பெரியக்கா. கருத்தடைக்குக் காப்பர்-டி பொருத்துவதில் கைராசிக்காரர் என்று பெயர்.

ஆணுறைக்குப் பதிலாகப் பெண்களே உள்ளே பொருத்திக்கொள்ளும் பெண்ணுறைகள் வந்த வருடம் ஒரு மதியம் பயிற்சி வைத்தார்கள். இரு முனையிலும் வளையம் கொண்ட அந்த நீளப் பையைப் பயிற்சியாளர் தூக்கிக் காட்டியதும், "இதுல காய்கறியே வாங்கிட்டு வரலாம் போல" என்றார் பெரியக்கா. கூடமே சிரித்தது. அதற்கப்புறம் யார் காதிலும் எதுவும் ஏறவில்லை. கையெழுத்துப் போட்டு, டீ குடித்துக் கலைந்தார்கள். பெட்டிகள் அலமாரிக்குள் போயின. கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம் என்று முடிவு. அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

ஒருத்தி கேட்டாள். தையல் வேலை பார்ப்பவள். கணவன் லாரி ஓட்டுகிறான், போகிற ஊரிலெல்லாம் பெண் சகவாசம். உறை போடச் சொன்னால் அடிக்கிறான் என்றாள்.

"நானே போட்டுக்கற மாதிரி ஏதாவது இருக்காக்கா?"

பெரியக்காவுக்கு 'இருக்கு' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. எப்படிப் போடுவது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தவிர, அது 'அந்த மாதிரி' பெண்களுக்கானது, குடும்பப் பெண்ணிடம் எப்படி நீட்டுவது என்ற கூச்சம்.

"அப்படி ஒண்ணும் இல்லம்மா. அவரைக் கூட்டிட்டு வா, பேசுவோம்."

அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவளுக்கு ஒன்றுமில்லை. ஒன்றரை வருடம் கழித்து வயிற்றுப்பிள்ளையோடு வந்தபோது எச்.ஐ.வி. இருந்தது. விஷயத்தைச் சொன்னது பெரியக்காதான். மாத்திரையைத் தவறாமல் போட்டால் குழந்தைக்கு வராமல் காப்பாற்றலாம் என்றும் சொன்னார். அவளோ சுவரில் புதிதாக ஒட்டியிருந்த பெண்ணுறைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொம்பளைங்க போட்டுக்கறதா இது? நான் கேட்டப்ப இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ வரவில்லை.

"இருந்துச்சும்மா."

அவள் மாத்திரை எந்த ஜன்னலில் கொடுப்பார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியக்கா குளியலறையைத் தாழ்போட்டு, அலமாரியிலிருந்து எடுத்து வந்த பெண்ணுறையை, அதோடு இருந்த செய்முறைத் துண்டுக் காகிதத்தைப் படித்துப் படித்துத் தன் உடம்பிலேயே பொருத்திப் பார்த்தார். ஐம்பத்தொரு வயதில். மூன்றாவது தடவை சரியாக வந்தது. இவ்வளவுதானா என்று ஆத்திரம் வந்தது.

திங்கட்கிழமையிலிருந்து வருகிற பெண்கள் அத்தனை பேருக்கும் கையைக் குவித்து அதில் பொருத்திக் காட்டினார். வயதான காலத்தில் விளம்பரக் கம்பெனி ஆரம்பித்துவிட்டார் என்று கூட வேலை பார்த்தவர்கள் கிண்டலடித்தார்கள். சிலர் வழுக்குகிறது, சத்தம் வருகிறது என்றார்கள். பலர் மறுபடி வந்து வாங்கினார்கள். இரண்டே மாதத்தில் பெட்டிகள் காலி. இன்னும் வேண்டும் என்று எழுதியதற்கு மேலிடத்திலிருந்து பதில் வந்தது: ஒன்றரை வருடமாக யாரும் வாங்காததால் அனுப்புவதை ஏற்கெனவே நிறுத்திவிட்டோம்.

தையல்காரிக்குப் பெண் குழந்தை பிறந்தது, நோய் ஒட்டவில்லை. தடுப்பூசி நாளில் பெரியக்காவும் ஊசி போடுவார்; கைவேகத்தில் அவர் மேஜையில் கூட்டமே இருக்காது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மேஜையின் நீண்ட வரிசையில் போய் நிற்பாள்.