முந்திரி ஆலைச் சுவர்

இன்று டீக்கடை அடுப்பில் எரிந்த முந்திரித்தோட்டின் கார நெடி, காடாம்புலியூரில் அம்மா வேலை பார்த்த முந்திரி ஆலைக்கு என்னை இழுத்துப் போனது; பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தோட்டின் எண்ணெய் பட்டுப் புண்ணாகாமலிருக்கக் கையில் சாம்பல் பூசிக்கொண்டு, டொக் டொக்கென்று நாள் முழுக்கத் தோடு உடைத்த நீளமான கூடம் அது.

ஆலை மூடியபின், நான் ஏழாவது படித்த 2008இல், அதை ஊர்க் கலைக்கூடமாக மாற்றினார்கள். வெள்ளையடித்த சுவரில் மறுவாரமே தோட்டெண்ணெய் பழுப்பாகக் கசிந்தது. மறுபடி அடித்தார்கள், மறுபடி கசிந்தது.

"பூச்சப் பேத்துட்டு அடிங்க சார், எண்ண உள்ள ஊறிக் கெடக்கு" என்றார் அம்மா.

"எங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றார் வேலையை மேற்பார்த்த பொறியாளர்.

நான்காம் முறையும் கசிந்தபோது அவரே வீட்டுக்கு வந்து, "என்னம்மா செய்யலாம்?" என்று கேட்டார். பதினைந்து வருஷம் அங்கே தோடு உடைத்த அம்மா, அலுக்காமல் அதையே திரும்பச் சொன்னார். பூச்சைப் பேர்த்துவிட்டு அடித்த வெள்ளை அப்படியே நின்றது.

திறப்பு விழாவில் அம்மாவும் கூட வேலை பார்த்த பெண்களும் பின்னால் நின்றுகொண்டிருக்க, மேடையில் பொறியாளரின் அனுபவ அறிவைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்தினார்கள்.

"நீதானேம்மா சொன்ன?" என்றேன்.

"சும்மா இருடி, செவுரு நல்லாயிருக்கில்ல" என்றபடி அம்மாதான் முதலில் கைதட்டினார். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தணியவில்லை.