ஈறில் வளர்ந்த கட்டி

ஐந்தாம் மாதத்தில், மேல் ஈறில், முன்பற்களுக்கு நடுவே சிவப்பாக ஒரு கட்டி வளர்ந்தது. பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. புற்றுநோயோ என்று பயந்த என் கணவர், திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேற்றி என்னைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப் போனார். நர்ஸ் என் மாதத்தைக் கேட்டுச் சீட்டில் எழுதினார். பல் டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“பயப்படாதீங்க, கேன்சர் இல்ல. மாசமா இருக்கறவங்க சில பேருக்கு இப்படி வரும். குழந்தை பொறந்ததும் சுருங்கிடும். இல்லன்னா வெட்டி எடுத்துடலாம்.”

“அவசரக்காரப் புள்ள. பொறக்கறதுக்கு முன்னாடியே வாயில ஏறிக் குந்திக்கிச்சு” என்று கணவர் வழியெல்லாம் கேலி செய்தார்.

ஏழாம் மாதம் ஒரு நாள், காலையிலிருந்து அசைவே இல்லை. கடலூரில் ஸ்கேன் எடுத்தபோது துடிப்பு நின்றிருந்தது. பெண் குழந்தை. முகத்தை ஒரு தடவைதான் காட்டினார்கள்.

கட்டி பாதிதான் சுருங்கியது. மூன்று மாதம் அதை எடுக்க விடவில்லை. அவள் வந்ததற்கு என்னிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். இதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது சோற்றில் ரத்தம் சொட்டியது. கணவர் என் தட்டை நகர்த்தி வைத்தார். “போதும்மா. நாளைக்கே போயிடலாம்.”

சிதம்பரத்தில் அதே நர்ஸ். பழைய சீட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“குழந்தைய யாருகிட்ட வுட்டுட்டு வந்தீங்க?”

“மாமியார்கிட்ட” என்றேன். ஏனோ அப்படித்தான் வந்தது.

“பையனா, பொண்ணா?”

“பொண்ணு.”

“நல்லா தூங்குறாளா?”

“எங்க தூங்குறா? ராத்திரியெல்லாம் முழிச்சிக்கிறா” என்றார் பக்கத்தில் நின்ற கணவர்.

உள்ளே டாக்டரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்தார். பிறகு ஈறில் ஊசி போட்டார். மரத்ததும் வெட்டினார். வலிக்கவில்லை. பல்லோரம் சுரண்டும் சத்தம்தான் மண்டைக்குள் கேட்டது. பரிசோதனைக்கு அனுப்ப ஒரு சின்ன பாட்டிலில் போட்டார்கள். மொச்சைக்கொட்டை அளவுகூட இல்லை.

ரயிலில் பஞ்சைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

“அவளுக்கு மூக்கு உன்னுது மாதிரியே இருந்துச்சு” என்றார் கணவர். அவளைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அதுவே முதல் தடவை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சாதாரணக் கட்டிதான் என்று அடுத்த வாரம் ரிப்போர்ட் வந்தது. புண்ணும் ஆறிவிட்டது. அந்த இடத்தில் ஈறு கொஞ்சம் மேலேறி, ஒரு பல் மட்டும் நீளமாகத் தெரிகிறது.