மாமா அடுக்கியதும் நான் கலைத்ததும்

உம்மாவின் தம்பியான என் மாமா அந்தத் தடவை துபாயிலிருந்து வந்தபோது, தைலமும் சோப்பும் பால்பவுடரும் வழக்கத்தில் பாதிகூட இல்லை. பதிலுக்கு ஒரு கறுப்புப் பெட்டி வந்திருந்தது. அதை டிவியோடு இணைத்து ரிமோட்டை அமுக்கியதும் திரை முழுக்கச் சினிமா போஸ்டர்கள் வரிசைகட்டி நின்றன. எந்தப் போஸ்டரில் போய் நிற்கிறோமோ அந்தப் படத்தின் கதையும் நடிகர்களும் பக்கத்தில் வரும். தென்காசியில் எங்கள் தெருவில் அப்போது வேறு எந்த வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. எனக்குப் பத்து வயது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் நடையே மாறிவிட்டது.

மாமாவுக்கு இரண்டு மாத லீவு என்றார்கள். இரண்டு மாதம் முடிந்து இன்னும் ஒரு மாதம் போன பிறகு, வாப்பா சாப்பிட்டுக்கொண்டே, எப்போது புறப்பாடு என்று கேட்டார்.

"இந்தப் பட லைப்ரரிய மட்டும் ஒழுங்கா அடுக்கிட்டுப் பொறப்பட்டுருதேன் மச்சான்" என்றார் மாமா.

என்னோடு கேரம் ஆடவும், பைக்கில் ஐந்தருவிக்குக் கூட்டிப்போகவும், கணக்கில் வாங்கிய மார்க்கை உம்மாவிடம் பக்குவமாகச் சொல்லவும் அந்த வீட்டில் மாமாவை விட்டால் ஆளில்லை. அடுக்கி முடித்தால் போய்விடுவார். அப்படியானால் முடியக் கூடாது.

அடுக்கும் விதத்தை அவரே எனக்குச் சொல்லித் தந்திருந்தார். பெட்டிக்குள் கிடக்கும் வீடியோவுக்குப் பெயரும் வருஷமும் சரியாகக் கொடுத்தால், பெட்டியின் சாஃப்ட்வேர் இணையத்தில் தேடிப் போஸ்டரைக் கொண்டுவரும். பெயர் பிசகினால் போஸ்டரும் பிசகும்.

சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் மாமா தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போவார். திரும்பி வர இருபது நிமிஷம் ஆகும். நான் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் பெட்டியோடு இணைத்திருந்த கீபோர்டு முன்னால் உட்காருவேன். ஒரு காது தெருவில், ஒரு காது அடுக்களையில். ஐந்தாறு படங்களின் பெயரை மாற்றிவிட்டு எழுந்து ஓடிவிடுவேன்.

மறுநாள் காலையிலிருந்து மாமா மறுபடியும் அடுக்குவார். பத்து நிமிஷம் உட்காருவார், எழுந்து வாசலுக்குப் போய் போனைப் பார்ப்பார், திரும்ப வந்து உட்காருவார். புது வெர்ஷன் வந்திருக்கிறதென்று ஏற்றுவார். ஏற்றியதில் பாதி வேலை செய்யாது. பழியெல்லாம் சாஃப்ட்வேர் மேல் போனதில் எனக்குப் பரம திருப்தி.

சாரல் தொடங்கியதும், குற்றாலத்தில் குளிக்க வருகிற சொந்தமெல்லாம் வழக்கம்போல் எங்கள் வீட்டில் வந்து இறங்கியது. பெரியம்மா தன் மகள் கல்யாண வீடியோவைப் போடச் சொன்னாள். மாமா தேடினார். மகளும் மருமகனும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பேய்ப்படத்தின் போஸ்டர் பல்லைக் காட்டியது. பக்கத்தில் கதைச் சுருக்கம்: ரத்த வெறி பிடித்த மணப்பெண்ணிடம் சிக்கிய குடும்பம்.

"சரியாத்தானே போட்டுருக்கு" என்றார் மருமகன். வீடே சிரித்தது. வாப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னும் எத்தன நாளு மாப்ள இது?" என்று மாமாவைக் கேட்டார்.

மாமா திரையைக் காட்டினார். "நீங்களே பாருங்களேன், எல்லாம் கலைஞ்சி கெடக்கு. இப்படியே விட்டுட்டு எப்படிப் போறது? அடுத்த வெர்ஷன்ல சரியாயிரும்."

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

அடுத்த சாரலுக்குள் வாப்பா இணைய வசதியுள்ள புது டிவி வாங்கிவிட்டார். அதில் போஸ்டர்கள் தாமாகவே வந்து நின்றன. அடுக்க வேண்டியதில்லை, கலைக்கவும் வழியில்லை. வந்த சொந்தங்கள் அதையே பார்த்தார்கள். மாமா காத்திருந்த அடுத்த வெர்ஷன் வரவே இல்லை.

ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, மாமா கறுப்புப் பெட்டியை அதன் பழைய அட்டைக்குள் வைத்துத் தெர்மாகோலைச் செருகிக்கொண்டிருந்தார். டேப்பைக் கிழிக்க என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இனிமே நீ கலைக்கதுக்கு ஒண்ணுமில்ல. இம்புட்டு நாளும் ரொம்ப ஒத்தாசையா இருந்த."

எனக்கு உயிரே போய்விட்டது. "மாமா, உம்மாட்ட சொல்லிராதீங்க."

"சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத. துபாய்க்கும் நான் போகல, இங்கனயே ஒரு வேல பாத்துட்டேன்" என்றார்.

அடுத்த வாரம் அவர் புளியங்குடியில் ஒரு எலுமிச்சை கமிஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். துபாயில் கம்பெனியை மூடி, விசாவையும் முடித்துத்தான் மாமாவை அனுப்பியிருந்தார்கள் என்பதையும், வாப்பாவிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்பதையும் நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் உம்மா சொன்னாள். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் மாட்டிக்கொள்ளவில்லை, மாமாவும் துபாய்க்குப் போகவில்லை என்பதுதான். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, அவர் காட்டிய இடத்தில் டேப்பை ஒட்டினேன்.