ராஜாம்பாள் ரத்த ஜீப்பில் ஏறிய கதை

வடக்கனந்தலைச் சுற்றி நாற்பது ஊரில் யாருக்கு யார் என்ன முறை என்று ராஜாம்பாளைக் கேட்டால் போதும். இருபத்தைந்து வருடமாகக் கல்யாணத் தரகு பார்த்தவள். கையில் ஒரு ஜாதகப் பை தொங்கும். அதை அவள் திறந்து யாரும் பார்த்ததில்லை. எல்லாம் தலைக்குள் இருந்தது.

அவள் பேச்சே தனி. பையனுக்கு "சாமி பக்தி ஜாஸ்தி" என்றால், ஆளில்லாத இடத்தில் யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறான் என்று பொருள். பெண் "ரொம்ப அமைதி" என்றால், ஆறு மாதமாக வாய் திறக்கவில்லை என்று பொருள். பொய் என்று யாரும் சண்டைக்கு வர முடியாது. கல்யாணம் முடிந்த பிறகுதான் அர்த்தம் விளங்கும்.

2005 கோடையில் கள்ளக்குறிச்சிக்கு ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. டாக்டர் தங்கமணி என்ற மனநல மருத்துவர் அதற்குத் தலைவி. சில மாதம் தலைகால் தெரியாத உற்சாகம், சில மாதம் எழுந்திருக்கவே முடியாத சோர்வு என்று மாறி மாறி வரும் நோய் ஒன்று உண்டு. அது சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருகிறது. அதற்கான காரணம் மரபணுவில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது அவர்கள் வேலை. முதலில் வம்ச வரைபடம் போட வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்குக் கறுப்பு மை. பிறகு எல்லோரிடமும் ரத்தம் எடுக்க வேண்டும்.

மூன்றாவது வாரமே வரைபடம் சிக்கிக்கொண்டது. ஒரே வம்சத்தில் பதினோரு கொளஞ்சியம்மாள்கள். அதில் ஒருத்தி தாய்மாமனைக் கட்டியிருந்தாள், இன்னொருத்தி அத்தை மகனைக் கட்டியிருந்தாள். கோடுகள் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரு கொளஞ்சியம்மாள் தனக்குத் தானே மாமியார் ஆகியிருந்தாள். டாக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்ததைப் பார்த்த டீக்கடைக்காரர்தான், "ராஜாம்பாளக் கூப்பிடுங்க" என்றார்.

ராஜாம்பாள் வந்து படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இது இன்னா, கோலமா?"

டாக்டர் விளக்கினார். ஒரு மணி நேரத்தில் பதினோரு கொளஞ்சியம்மாள்களும் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். "இவ கச்சிராயபாளையத்துக் கொளஞ்சி. இவ சங்கராபுரத்துல வாக்கப்பட்டவ. இவள ஏன் இங்க போட்டீங்க? இவ செத்துப் பத்து வருசம் ஆவுது."

டாக்டருக்கு அவளை விட மனமில்லை. ஆனால் ஒரு நிபந்தனை சொன்னார். "யாருக்கு யார் சொந்தம்னு மட்டும் சொல்லுங்கம்மா. யாருக்கு நோய்னு நீங்க சொல்லக் கூடாது. அவங்களே சம்மதிச்சு, கையெழுத்துப் போட்டுச் சொல்லணும். வெளியிலயும் மூச்சு விடக் கூடாது."

"சொல்லாம இருக்கறதுதான் டாக்டரம்மா எந்தொழிலே" என்று சொல்லிவிட்டு ராஜாம்பாள் ஜீப்பில் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

வினை ஜீப்பு ரூபத்தில் வந்தது. அது நின்ற வீட்டில் பைத்தியம் இருக்கிறது என்று ஊரே பேச ஆரம்பித்தது. ஒருநாள் கரும்பு விவசாயி அய்யனார் வீட்டு வாசலில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டு ஜீப்பு நின்றது. அடுத்த வாரம் அவர் மகளுக்கு நிச்சயம் செய்திருந்த சங்கராபுரத்து மாப்பிள்ளை வீட்டார் யோசிக்கணும் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள்.

அய்யனார் துண்டை உதறிக்கொண்டு வந்தார். "தண்ணி குடுத்தது ஒரு தப்பா? எம்பொண்ணு கல்யாணம் நிக்குது. நீ கட்டுன சம்பந்தத்த நீயே ஜீப்பு ஏத்திக் கெடுத்துட்டியே!"

ராஜாம்பாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை டாக்டரிடம் போய் நின்றாள்.

"நோவு இல்லாத வூட்ல ரத்தம் எடுப்பீங்களா?"

"அதுதாம்மா எங்களுக்குக் கிடைக்கவே மாட்டேங்குது! ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாத குடும்பங்களும் வேணும். யாரும் கை நீட்ட மாட்டேங்கிறாங்க."

"அத மொதல்லயே சொல்றதுக்கின்னா?"

அன்று மத்தியானமே ஜீப்பு அய்யனார் வீட்டுக்குப் போனது. நோய் இல்லாத குடும்பம் என்று ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர் அவரைத் தேடி வந்திருப்பதாக ராஜாம்பாள் சொன்னதும் மனிதர் சட்டையைக் கழற்றிவிட்டு, தெருவில் நாற்காலி போட்டு, பத்துப் பேர் பார்க்க ரத்தம் கொடுத்தார். கை மட்டும் போதும் என்று நர்ஸ் சொன்னது அவர் காதில் விழவில்லை.

அதற்குப் பிறகு ஜீப்பு எல்லாத் தெருவிலும் நின்றது. எந்த வீட்டில் எதற்கு நின்றது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. "எங்க வூட்டுக்கு ஏன் வரல, எங்க ரத்தம் மட்டமா?" என்று கேட்டு வந்தவர்களே ஏழெட்டுப் பேர். சங்கராபுரத்து மாப்பிள்ளை வீட்டாரும் கை நீட்டினார்கள். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. நோய் இல்லை என்று பெயர் கொடுத்த சிலர் ரத்தம் கொடுத்து முடித்ததும், கதவைச் சாத்திவிட்டு, "டாக்டரம்மா, ஒரு விசயம்" என்று குரலைத் தாழ்த்தினார்கள். அவர்களுக்குச் சிகிச்சை தொடங்கியது.

இப்படியே ஐந்து மாதம் போனது. ஒருநாள் கோமுகி அணைக்குப் பக்கத்தில், மலையடிவாரச் சாலையில், ஒரு பெண் புல்லுக்கட்டோடு நடுரோட்டில் நின்று ஜீப்பை மறித்தாள். ராஜாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைப்பது போல மறைத்துக்கொண்டாள்.

"மூஞ்ச மூடாதீங்க அண்ணி. பத்து தடவ இந்தப் பக்கம் போய்ட்டீங்க. எங்க வூட்ல மட்டும் ஏன் நிக்கல?"

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "யாரும்மா இவங்க?"

"ஆயம்மா. எந்தம்பி பொண்டாட்டி."

"தம்பியா? உங்க குடும்பத்தையும் படத்துல போட்டோமே, அதுல தம்பியே இல்லையே!"

ராஜாம்பாள் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். ஆயம்மாள் சொன்னாள். "சுறுசுறுப்பான பையன்னு சொல்லிக் கட்டி வச்சாங்க டாக்டரம்மா. அது நெசந்தான். கல்யாணமான வருசம் ஒரே மாசத்துல மூணு கெணறு தோண்டுனாரு. மூணுலயும் தண்ணி இல்ல. அப்பறம் எட்டு மாசம் பாய விட்டு எழுந்திருக்கல. அதுலருந்து இதே கததான். இப்ப பாய்லதான் கெடக்காரு."

ராஜாம்பாள் இறங்கி அந்த வீட்டுக்குள் போனாள். வீரமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"முத்து, உனக்குப் பொண்ணு பாத்தப்ப நான் உண்மையச் சொல்லல."

"தெரியும்க்கா."

"ஊர் படமெல்லாம் போட்டேன். உன்ன மட்டும் உட்டுட்டேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு. இப்ப போடட்டுமா? நீ சரின்னாதான்."

அவன் திரும்பாமலே ஒரு கையை மட்டும் நீட்டினான். அன்று மாலை டாக்டர் சொல்லச் சொல்ல, ராஜாம்பாள் தன் வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் வரைந்து, தன் கையாலேயே மை போட்டாள். சதுரம் கோணலாக வந்தது.

வீரமுத்துவுக்கு லித்தியம் என்ற மருந்து கொடுத்தார்கள். அது ஒரு வகை உப்பு என்று டாக்டர் சொன்னதும், "நாம ரசத்துல போடறதா?" என்று ராஜாம்பாள் கேட்டாள். அது வேறு உப்பு. ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். நாள் பிடித்தாலும் அவன் எழுந்தான். மாட்டைப் பிடித்தான், சந்தைக்குப் போனான். ஒரு குறை மட்டும் சொன்னான். "முன்னெல்லாம் கடப்பாரையப் பாத்தா கெணறு தெரியும்க்கா. இப்ப வெறும் கடப்பாரைதான் தெரியுது."

"அது போதும்" என்றாள் ஆயம்மாள்.

நான்கு வருடம் கழித்து டாக்டர் தங்கமணி முடிவைச் சொல்ல வந்தார். எதிர்பார்த்த அந்த ஒற்றை மரபணு கிடைக்கவில்லை. பல இடங்களில், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு இருக்கும் போலத் தெரிகிறது. நோய் இல்லாத குடும்பங்களிலும் அவற்றில் சில இருக்கின்றன.

"அதாவது, எல்லா வூட்லயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. இதுக்கா டாக்டரம்மா இத்தினி ஊசி? நான் ஜீப்பு ஏறாமலே சொல்லியிருப்பேனே!"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்க சொன்னா ஊர் நம்பும்மா. நாங்க ஊசி போட்டுத்தான் நம்ப வைக்கணும். இன்னும் தேடணும்."

ராஜாம்பாள் தரகை விடவில்லை. ஆனால் சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால், உள்ளதை உள்ளபடி சொல்ல ஆரம்பித்தாள். முதல் வருடம் பாதிச் சம்பந்தங்கள் கலைந்தன. பிறகு, ராஜாம்பாள் சொன்னால் அப்படியே நம்பலாம் என்று சின்னசேலத்திலிருந்துகூட அவளைத் தேடி வந்தார்கள். அங்கே ஒரு பெண் பார்க்கும் வைபவத்தில், மாப்பிள்ளை மாத்திரை சாப்பிடுகிறவன் என்பதைக் காபி வருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். பெண்ணின் அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். பெண் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு மாப்பிள்ளையையே கேட்டாள்.

"மாத்திரை போட மறந்துட்டா?"

"போன்ல அலாரம் வச்சிருக்கேன்."

"போன மறந்துட்டா?"

மாப்பிள்ளையின் கை தானாகச் சட்டைப் பையைத் தடவிப் போன் இருக்கிறதா என்று பார்த்தது. பெண் சிரித்துவிட்டாள். ஆவணியில் கல்யாணம்.