ஒரு டிராக்டரை ஆஃப் செய்தேன்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், கோட்டைக்குப்பம் கடற்கரையில், ஓடிக்கொண்டிருந்த ஒரு டிராக்டரை நான் ஆஃப் செய்தேன்.

இதெல்லாம் ஒரு விஷயமா, இதற்கு ஒரு பத்தியா என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

டிராக்டர் எங்களுடையதுதான். காட்டூரில் எங்கள் நிலத்தை உழுகிற வண்டி. அப்பா வாங்கியது, இப்போது அண்ணன் ஓட்டுகிறார். அதற்கு என்னைவிட இரண்டு வயதுதான் கம்மி, உடம்பு மட்டும் என்னைவிடத் தேவலை. ஒரே ஒரு குறை... செல்ஃப் மோட்டார் போய்விட்டது. கழற்றிப் பொன்னேரியில் மெக்கானிக்கிடம் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. 'பார்ட்ஸ் வரலை' என்கிறார். இந்த மாடலுக்கு பார்ட்ஸ் செய்வதையே நிறுத்திவிட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வதில்லை.

செல்ஃப் இல்லாமல் எப்படி ஸ்டார்ட் செய்வது? வேலை முடிந்ததும் வண்டியை ஏரிக்கரைச் சரிவில் கொண்டுபோய் நிறுத்துவார் அண்ணன். காலையில் உருட்டிவிட்டு, வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் சாயங்காலம் வரை ஆஃப் செய்யக் கூடாது. அவர் சாப்பிட உட்கார்ந்தாலும் அது பாட்டுக்கு வரப்போரம் தடதடத்துக்கொண்டே இருக்கும். பழைய வண்டியின் ரிப்பேரில் பாதியைத்தான் மெக்கானிக் செய்கிறார். மீதிப் பாதியை வீட்டில் இருப்பவர்கள் பழகிக்கொள்கிறார்கள்.

நான் பழகவில்லை. நான்தான் சென்னைவாசி ஆகிவிட்டேனே!

செவ்வாய்க்கிழமை புயல் எச்சரிக்கை. கரையில் கிடக்கிற போட்களை எல்லாம் மேட்டுக்கு இழுத்தாக வேண்டும். குப்பத்தில் வழக்கமாக இழுக்கும் டிராக்டர் வேறெங்கோ மாட்டிக்கொள்ள, அண்ணனுக்கு போன் வந்தது. லீவில் ஊருக்கு வந்திருந்த நானும் வண்டியில் தொற்றிக்கொண்டேன். வேடிக்கை பார்க்கத்தான்.

எட்டு போட் ஏறியாகிவிட்டது. ஒன்பதாவது, கடைசியாகக் கரை சேர்ந்த கன்னியம்மா அக்காவின் ஃபைபர் போட். அவர் வீட்டுக்காரரும் மகனும் அதில்தான் கடலுக்குப் போகிறார்கள், வேறு போட் கிடையாது. ஒவ்வொரு அலையும் அதைத் தூக்கி அடிக்க, மார்பளவுத் தண்ணீரில் நின்று ஆறு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் என்னை சீட்டில் உட்கார வைத்தார்.

"சும்மா குந்திக்கினு இரு. எதையும் தொடாத."

சொல்லிவிட்டு, எட்டாவது போட்டின் கயிற்றை அவிழ்க்கப் போனார். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. பத்திரிகை ஆபீஸ். "சார், இந்த வாரப் பத்தி..." அதற்கு மேல் ஒன்றும் காதில் விழவில்லை. ஒரே தடதடப்பு. கை தானாகப் போய் ஸ்டாப் நாபை இழுத்தது.

என்ஜின் நின்றது. கடல் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் காதில் விழுந்தது.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஓடி வந்து என்னைக் கீழே இறக்கிவிட்டு அவர் ஏறி உட்கார்ந்தார்.

"இன்னா நைனா, நின்னுபூடுச்சே!" கன்னியம்மா அக்கா ஓடி வந்தார்.

"உருட்டணும்க்கா."

"எந்தப் பக்கம்?"

அண்ணன் முகவாயால் கடலைக் காட்டினார்.

வேறு வழியில்லை. சரிவு அந்தப் பக்கம்தான். காய்ந்த மணலில் கிளட்சை விட்டால் சக்கரம் சுற்றாது, உழுதுகொண்டு இழுபடும். ஈரம் ஏறி இறுகிய மணல் தண்ணீரை ஒட்டித்தான் இருக்கிறது. ரிவர்ஸ் கியர் போட்டு, பின்பக்கமாகவே அலைக்குள் விட வேண்டும். என்ஜின் பிடித்தால் சரி. பிடிக்காவிட்டால்? போட்டும் போச்சு, டிராக்டரும் போச்சு!

"முன்னாடி கயிறு கட்டு," என்றார் கன்னியம்மா அக்கா. "போட்டு கயிறுதான், அறுவாது. நாங்க புட்சிக்கினு நிக்கிறோம். உன் வண்டிய கடல் இஸ்துக்கினு போவ உடமாட்டோம்."

முப்பது பேர் கயிற்றில். பத்துப் பேர் தள்ள. நானும் தள்ளினேன்.

வண்டி நகர்ந்தது. ஈர மணலைத் தொட்டதும் அண்ணன் கிளட்சை விட்டார். ஒரு குலுங்கல்... அவ்வளவுதான். பிடிக்கவில்லை. அலை வந்து பின்சக்கரத்தைப் பாதி மூழ்கடித்துவிட்டுப் போனது.

கயிற்றுக்காரர்கள் தம் கட்டி மேலே இழுத்தார்கள். பத்தடி ஏறுவதற்குள் தண்ணீரில் நின்றவர்கள் கத்தினார்கள் — "இன்னும் எம்மா நேரம்? கை உட்டுப்போவுது!"

மறுபடி உருட்டினோம். இந்த முறை அண்ணன் அவசரப்படவில்லை. ஈர மணலைத் தாண்டியும் கிளட்சை விடவில்லை. என்ன செய்கிறார் இந்த மனிதர்? பின்சக்கரம் நுரைக்குள் இறங்கியது. வண்டி நன்றாக வேகம் பிடித்த பிறகுதான் விட்டார். ஒரு இருமல், இன்னொரு இருமல், கரும்புகை... தடதடதட!

கரை முழுக்கக் கத்தியது. நானும் கத்தினேன். அழுதேன் என்றும் சொல்லலாம். கால் மணி நேரத்தில் ஒன்பதாவது போட் மேட்டில் இருந்தது.

உப்புத் தண்ணீர் பட்ட வண்டியை அப்படியே விட்டால் துரு தின்றுவிடும். அதைக் கடற்கரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கன்னியம்மா அக்கா வீட்டிலிருந்து குடம் கொண்டுவந்தார். குடிக்கப் பிடித்து வைத்த நல்ல தண்ணீர். பின்னாலேயே இன்னும் நாலைந்து பெண்கள், ஆளுக்கொரு குடத்தோடு. சக்கரம், ஆக்ஸில், பிரேக் டிரம் என்று ஓர் இடம் விடாமல் ஊற்றினார்கள்.

"அது இன்னாத்துக்கு நைனா அப்டி நடுவுல நின்னுச்சி?" ஊற்றிக்கொண்டே கேட்டார் அக்கா.

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் முந்திக்கொண்டார்.

"பழைய வண்டி இல்லியாக்கா... அதுவா நின்னுபோச்சு."

அந்த வண்டியைப் பழசு என்று சொன்னதற்காகச் சொந்த மாமனாரோடு மூன்று மாதம் பேசாமல் இருந்தவர் அவர். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால், தம்பியின் மானத்துக்காக, அவர் வாயாலேயே சொன்னார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். பழவேற்காடு பாலம் தாண்டி வீடு வரும்வரை திறக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

கோட்டைக்குப்பத்தில் இந்தப் பத்திரிகை யார் வாங்குகிறீர்களோ தெரியாது. தயவுசெய்து கன்னியம்மா அக்கா வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

அக்கா... வண்டி மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆஃப் செய்தது நான்தான்.