உம்மாவுக்குப் பிழை, மாமாவுக்குச் சரி

போன வாரம் முழுக்க எங்கள் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு இல்லை. டெப்கள்தான் (டேப்லெட் கணினிகள்) வரிசையாகக் கிடந்தன. வீட்டில் ஒரு பிளக் பொயின்ட்கூட மிச்சமில்லை. என் போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது... யாருக்குக் கவலை?

என் மனைவி நபீஸா முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு டீச்சர். முதுமாணிப் பட்டத்துக்காக ஓர் ஆய்வு செய்கிறாள். டெப்பை வைத்துச் சொல்லிக் கொடுத்தால் சின்னப் பிள்ளைகள் சீக்கிரம் வாசிக்கப் பழகுவார்களா? இதுதான் கேள்வி. அவள் ஆய்வாளர். நான் சார்ஜ் போடுபவன், பை தூக்குபவன். கல்முனையில் எனக்கு எழுத்தாளன் என்று ஒரு பேர் இருக்கிறது. வீட்டில் இதுதான் பதவி.

டெப்பை நான் எத்தனை தரம் இந்தப் பத்திரிகைப் பத்தியில் திட்டியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் இளக்காரத்தோடுதான் வகுப்பின் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

விளையாட்டு லேசானது. டெப் ஒரு சொல்லைச் சொல்லும். எழுத்துகள் கீழே கலைந்து கிடக்கும், மேலே வெறும் பெட்டிகள். எழுத்தை விரலால் இழுத்துப் பெட்டிக்குள் விட வேண்டும். முழுச் சொல்லும் சரியென்றால் கைதட்டல். பிழையென்றால் 'டொங்'! எங்கள் வீடுகளில் புழங்கும் சொற்களாகப் பார்த்து நபீஸாவே போட்டு வைத்திருந்தாள்.

அம்னாவுக்கு டொங், டொங், டொங்...

ஆறு வயது. முன்பல் இரண்டும் இல்லை. பள்ளிக்கூடம் சேர்ந்து சில வாரங்கள்தான். வாப்பாவுக்குக் கட்டாரில் வேலை. பழம் பிழை, கடல் பிழை, உம்மாவே பிழை! சரியாக வந்தவை மாமா, தாத்தா, பாப்பா மட்டும். (வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் பக்கம் உம்மா அம்மா, வாப்பா அப்பா, தாத்தா என்றால் அக்கா. தாடி கிடையாது.)

நான் உடனே ஒரு தியரி விட்டேன். "வாப்பா தூரத்தில இருக்காரு. அதான் சொந்தக்காரர்ட பேரு மட்டும் புள்ளைட மனசில நிக்கிது."

"அப்ப உம்மா ஏன் பிழையாகுது? வாப்பா ஏன் பிழையாகுது?" என்றாள் நபீஸா. தியரி அதோடு முடிந்தது.

வாசிப்பில் பிந்தியவர்களுக்குத் தனி வகுப்பு தொடங்க இருந்தார்கள். அம்னாவையும் அதில் சேர்க்க வேண்டிய நிலை. அதைச் சொல்வதற்காக அவளுடைய உம்மா பரீதாவைக் கூப்பிட்டிருந்தாள் நபீஸா. அவர் கதிரையின் நுனியில் இருந்தார்.

"டீச்சர், உள்ளதச் சொல்லுங்க. என்ட புள்ள மொக்கா? மண்டையில ஒண்டும் ஏறாதா? மாமிட ஊட்ட போனா எல்லாரும் அப்பிடித்தான் கதைக்காங்க. அவள்ட வாப்பா கேட்டா நான் என்னத்தச் சொல்ற?"

பெற்றவள் வாயால் இப்படி ஒரு கேள்வி வருவதற்கு எத்தனை பேர் என்னென்ன சொல்லியிருக்க வேண்டும்?

நபீஸா டெப்பின் சத்தத்தை அணைத்தாள். "அம்னா, வாங்க மகள். நீங்க இழுங்க, நான் சும்மா பாக்கன். பழம்!"

விரல் நேராக 'ப'வுக்குப் போனது. சரி! அதை இழுத்துக்கொண்டு போய் — வலப்பக்கக் கடைசிப் பெட்டிக்குள் விட்டாள். அடுத்து 'ழ', நடுவில். கடைசியாக 'ம்', இடப்பக்கத்தில். திரையில் நின்றது: ம்ழப.

"யா அல்லாஹ்... இஞ்சாருங்க, பாத்தீங்களா? இந்தப் புள்ள ஓதுற பக்கத்தால எழுதுது!" என்று என்னைக் கூப்பிட்டாள் நபீஸா.

பள்ளிக்கூடத்துக்கு முன்பே குர்ஆன் மதரஸாவுக்குப் போனவள் அம்னா. அரபு எழுத்தில் வலப்பக்கம் விரல் வைத்து, இடப்பக்கமாக நகர்த்தி ஓதிப் பழகியவள். கொப்பியில் கரும்பலகையைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவாள். அதனால் யாருக்கும் பிடிபடவில்லை. மாமா, தாத்தா, பாப்பா? எந்தப் பக்கத்தால் எழுதினாலும் அதேதானே!

யோசித்துப் பாருங்கள். சொல்லைக் காதால் வாங்கி, ஓசை ஓசையாகப் பிரித்து, அதனதன் எழுத்தைத் தேடிப் பிடித்திருக்கிறாள். கஷ்டமான வேலை அத்தனையும் சரி. அந்தச் சின்னத் தலைக்குள் இரண்டு எழுத்து, இரண்டு திசை! டெப்புக்கும் ஒரு சலாம் வைக்கிறேன், அது இல்லாவிட்டால் இந்த விரலை யார் கவனித்திருப்பார்? ஆனால் அது கடைசியில் நின்றதை மட்டும் பார்த்தது. பிள்ளை போன வழியைப் பார்க்க ஒரு டீச்சர் வேண்டியிருந்தது.

"மகள், தமிழ் இஞ்சாலப் பக்கத்தால தொடங்கும்." நபீஸா இடப்பக்கப் பெட்டியைக் காட்டினாள்.

"இங்கிலீசு?"

"அதுவும் இஞ்சாலதான்."

"அப்ப ஓதுறது மட்டும் அங்காலயா டீச்சர்?"

"ஓம்."

அவ்வளவுதான். உ... ம்... மா. இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தன. டெப்பில் சத்தம் இல்லை. நாங்கள் மூன்று பேரும் கைதட்டினோம்.

"இன்னும் எத்தின புள்ளையளுக்கு இது பிழை போட்டிருக்கும்? மறுகா முதல்ல இருந்து பாக்கணும்" என்று நபீஸா தலையில் கை வைத்தாள். எனக்கும் இன்னொரு வாரம் சார்ஜ் வேலை.

பரீதா வாசலுக்குப் போகும்வரைகூடப் பொறுக்கவில்லை. அங்கேயே போனை எடுத்து, கட்டாருக்கு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினார்:

"கேக்கீங்களா... நம்மட புள்ள மொக்கில்ல. அந்த டெப்புக்குத்தான் ஓதத் தெரியாதாம்!"